மேட்டுப்பாளையம் – கோத்தகிரி: நவம்பர் மழையில் எம்டிபி (மலைச் சைக்கிள்) ஏற்றம் (கியர், உடை, பிரேக், எங்கே திரும்புவது)

#1 சாரல்_ஈரோடு

வணக்கம் நண்பர்களே. நவம்பர் இரண்டாம் வாரம் இரண்டு பேர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி, அங்கேயே தங்கி, மறுநாள் தேயிலைத் தோட்ட மண்பாதைகளில் ஓட்டிவிட்டு இறங்குவதாகத் திட்டம். வெயில் நாளில் இந்த ஏற்றத்துக்கு என்ன வேண்டும் என்று தெரியும். மழையில் என்ன மாறும் என்பதுதான் கேள்வி.

சைக்கிள் விவரம்: அலுமினிய ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்), 27.5×2.1 டயர் (டியூப் உள்ளது), 3×8 கியர், முன்னால் 42-34-24 பல், பின்னால் 12-32 பல், அல்டஸ் எம்310 டீரெயிலர் (பின் கியர் மாற்றி), மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக், 100 மி.மீ. காயில் ஃபோர்க், லாக்-அவுட் (ஃபோர்க்கை அசையாமல் பூட்டும் வசதி) உண்டு. ஆள் 70 கிலோ, சைக்கிள் 14, பை 4.

1. இந்தக் கியர் போதுமா?
2. ரெயின்கோட் போட்டுக்கொண்டே ஏறலாமா?
3. இறங்கும்போது இந்த பிரேக்கை நம்பலாமா?
4. எந்த நிலை வந்தால் திரும்பிவிட வேண்டும்?

#2 பல்சக்கரம்

முதல் கேள்வியைக் கணக்காகவே பார்த்துவிடலாம். மழையில் வேகம் தப்பினால் மற்ற எல்லாமே தப்பும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர், கோத்தகிரி 1,793 மீட்டர். 33 கி.மீ. தூரத்தில் 1,468 மீட்டர் ஏற்றம். சராசரி நாலரை சதவீதம் என்று வரும், அதை நம்ப வேண்டாம். பவானிப் பாலம் தாண்டிச் சாலை பிரிந்து மலையைத் தொடும் வரை பெரிய ஏற்றமே கிடையாது. அந்தச் சமதளத்தைக் கழித்தால் மிச்சப் பாதையில் 5, 6 சதவீதம்தான் இயல்பு. நடுநடுவே 8, 10 என்று குத்தாக நிற்கும்.

மொத்த எடை 88 கிலோ. அதை 1,468 மீட்டர் தூக்க 12.7 லட்சம் ஜூல் வேண்டும். மூன்றரை மணி நேரத்தில் ஏறினால் அதற்கு மட்டும் 100 வாட். ஈரத் தாரில் கட்டை டயர் உருள இன்னொரு 25, 30 வாட். ஆக, மூன்றரை மணி நேரமும் விடாமல் 130 வாட். ஓரளவு பழக்கம் உள்ளவருக்கு இது தாங்கும் அளவு. மூன்று மணி நேரத்தில் முடிக்க நினைத்தால் 150 தாண்டும். வெயில் நாளில் அதைத் தாங்குகிறவருக்கும் மழையில் அது கூடாது. காரணம் கால் வலு இல்லை. முக்கால் வழியில் சக்தி தீர்ந்து வேகம் விழுந்தால் உடல் உண்டாக்கும் சூடும் கூடவே விழும். நனைந்த உடம்போடு சூடு விழுவதுதான் இந்தப் பயணத்தில் உண்மையான ஆபத்து.

இப்போது கியர். உங்கள் கடைசிக் கியர் 24×32. ஒரு மிதிச்சுற்றுக்குச் சைக்கிள் 1.62 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 6.8 கி.மீ. 10 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு 180 வாட் வேண்டும். 130 வாட்டோடு நிறுத்திக்கொள்ள நினைத்தால் மிதி 50 சுற்றுக்கு இறங்கிவிடும். முழங்கால் உடனே சொல்லிவிடும். பின்பக்க கேசட்டை (பின் பல்சக்கரத் தொகுதியை) 11-34 ஆக மாற்றுங்கள். எம்310 டீரெயிலர் 34 பல் வரை தாங்கும், மொத்தக் கொள்ளளவு (முன், பின் பல் வித்தியாசங்களின் கூட்டல்) 43. உங்களுக்கு வேண்டியது (42−24)+(34−11)=41, ஆக அடங்கிவிடும். செயின் நீளத்தை மட்டும் 42×34 சேர்க்கையில் வைத்துப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் ஒரு அங்குலம் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. மீட்டரைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். முழு வாக்கியம் பேச முடிகிற மூச்சில் முதல் ஒரு மணி நேரம் போக வேண்டும். பக்கத்தில் வருகிறவரிடம் பேசிக்கொண்டே ஏறுவதுதான் சோதனை.

#3 ஸ்போக்_கோவை

கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வண்டி வேலையை முடிச்சிருங்க. முந்தின நாள் ராத்திரி கேசட் மாத்தினா மலையில கியர் தாவும். தேஞ்ச பழைய செயினை புது கேசட்டுல போட்டாலும் அப்படித்தான். செயின் அளவுகோல்ல 0.75 காட்டுச்சுன்னா செயினையும் சேர்த்து மாத்திருங்க.

பிரேக்: மெக்கானிக்கல் டிஸ்க்குனு பயப்பட வேண்டியதில்லை, ஆனா கவனிக்கோணும். இந்த விலை வண்டியில பெரும்பாலும் ரெசின் பேட்தான் வரும். தண்ணியும் மணலும் சேர்ந்தா ரெசின் பேட் உப்புத்தாள்ல தேய்ச்ச மாதிரி கரையும். மெட்டல் பேட் மழைக்கு நல்லது, ஆனா வாங்கறதுக்கு முன்னாடி டிஸ்க்குத் தட்டுல என்ன அச்சடிச்சிருக்குனு படிங்க. ரெசின் பேட் மட்டும்னு போட்டிருந்தா மெட்டல் பேட் போடக் கூடாது, தட்டு சீக்கிரம் தேஞ்சு போயிரும். அப்படி இருந்தா புது ரெசின் பேட் போட்டு, இன்னொரு ஜோடி பையில வெச்சுக்கங்க. பேட்ல உராயற பகுதி அரை மி.மீ.க்குக் கீழ போயிருந்தா அதோட மலைக்குப் போகாதீங்க.

புது பேட் போட்டதும் பழக்கோணும். சமதளத்துல 20 கி.மீ. வேகத்துல இருந்து நடக்கற வேகம் வரைக்கும், நிக்காம, ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியா 20 தடவை பிடிச்சு விடுங்க. இதைச் செய்யாம மழையில இறங்கினா பிரேக் கத்தும், பிடிக்காது.

கேபிள்: வெளிக்கூடு விரிசல் விட்டிருந்தா உள்ள தண்ணி போய் துரு ஏறும். கியர் கேபிள், பிரேக் கேபிள் ரெண்டையும் புதுசா மாத்திருங்க. அதிகச் செலவில்லை.

செயினுக்கு ஈரகால எண்ணெய்தான். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, பின்னாடியே பெடலைச் சுத்திட்டு, பத்து நிமிஷம் விட்டு, துணியில வெளிப்பக்கத்தை நல்லாத் துடைக்கோணும். மெழுகு மாதிரி உலர்கால எண்ணெய் இந்த மழையில ஒரு மணி நேரம் கூட நிக்காது. டபிள்யூடி-40 சாதா டப்பா செயின் எண்ணெயே இல்லைங்க, இருக்கற எண்ணெயையும் கழுவிட்டுப் போயிரும். எண்ணெய் போடும்போது டிஸ்க் மேல ஒரு சொட்டு கூடத் தெறிக்கக் கூடாது.

#4 அரவேணு_மேடு

சாலை பற்றி உள்ளூரிலிருந்து சில விஷயங்கள்.

நீலகிரியின் கிழக்குச் சரிவு முழுக்க வடகிழக்குப் பருவமழைக்கு நேர் எதிரே நிற்கிறது. ஊட்டி மேற்கில் தென்மேற்குப் பருவத்தில் கொட்டுகிற மாதிரி, இந்தப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டும். நவம்பர்தானே என்று லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அந்த வாரத்து நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் காலை தெளிவாக இருந்து மதியத்துக்கு மேல் இடி கட்டுவது வழக்கம். ஆறு மணிக்கு மேட்டுப்பாளையத்தை விட்டால் பத்து, பத்தரைக்குள் கோத்தகிரி. எட்டு மணிக்குக் கிளம்புவதும் ஆறு மணிக்குக் கிளம்புவதும் மழை விஷயத்தில் இரண்டு வேறு பயணங்கள். விடியாமல் மட்டும் கிளம்பாதீர்கள். கீழ்ப்பகுதியிலும் வழியிலுள்ள குஞ்சப்பனையை ஒட்டியும் யானை நடமாட்டம் உண்டு. பலாப்பழக் காலத்தில்தான் அதிகம் என்றாலும் மற்ற மாதங்களில் இல்லை என்று சொல்ல முடியாது. மழைச் சத்தத்தில் கிளை முறியும் ஓசை காதில் விழாது, மூடுபனியில் 20 மீட்டருக்கு அப்பால் கண்ணுக்கும் தெரியாது. எதிரே வரும் பஸ், லாரிக்காரர்கள் விளக்கைப் போட்டுக் காட்டி நிறுத்தச் சொன்னால் நின்றுவிடுங்கள். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கொண்டை ஊசி வளைவில் ஒரு நுணுக்கம். நாம் இடது ஓரம் போகிறவர்கள். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு உள்வட்டம் கிடைக்கும். அதுதான் மிகச் செங்குத்து, மழைநீரும் சரளையும் அங்கேதான் ஒதுங்கும். வளைவுக்கு 20 மீட்டர் முன்பே கியரை இறக்கி, பின்னால் வண்டி இல்லையென்றால் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஏறுங்கள். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம், சாய்வு குறைவு. மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் அதுவே இடம். வளைவில் பஸ் திரும்பும்போது அதன் உள்பக்கம் சிக்கிக்கொள்ளக் கூடாது. பின்சக்கரம் உள்ளே வெட்டும். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, ஆனால் பனியில் உங்களைப் பார்த்தால்தானே அந்த முன்னுரிமை. பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். முன்விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தினால் பனியில் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

துணைக்குக் கார் வருகிறதென்றால் அதற்கு இ-பாஸ் எடுக்க வேண்டும் (2024 மே 7 முதல் நடைமுறை). ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் மாவட்டத்துக்குள் தடை. சைக்கிள் பாட்டிலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

#5 தார்ச்சாலை

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: போட்டுக்கொண்டே ஏறுங்கள். நனைந்த பிறகு போட்டு என்ன பயன்? நல்ல ஜாக்கெட் என்றால் உள்ளே காற்று போகும், வெளியே நீர் நிற்கும். முதல் துளி விழும்போதே போட்டுவிட்டால் கோத்தகிரி வரை காய்ந்த உடம்போடு போய்ச் சேரலாம். காற்றும் 40 பிஎஸ்ஐக்குக் குறையாமல் வையுங்கள், தார்ச்சாலைதானே.

#6 மூடுபனி

தார்ச்சாலை அவர்கள் சொல்வது நடைப்பயணத்துக்குப் பொருந்தும், இந்த ஏற்றத்துக்குப் பொருந்தாது. பல்சக்கரம் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். மிதிக்குப் போவது 130 வாட். மனித உடம்பு எரிப்பதில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவுதான் மிதிக்குப் போகும், மிச்சம் முக்கால் பங்கும் சூடு. அதாவது 400 வாட் சூட்டை உடம்பு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. மணிக்கு 8, 9 கி.மீ. வேகத்தில் காற்று உரசலும் இல்லை. எவ்வளவு விலை கொடுத்த ஜாக்கெட்டாக இருந்தாலும், வெளியே மழை ஓடிக்கொண்டிருக்கையில் அத்தனை வியர்வையை நீராவியாக வெளியேற்றாது. அரை மணி நேரத்தில் உள்ளே நனைந்துவிடுவீர்கள். வித்தியாசம் ஒன்றுதான்: ஜாக்கெட்டும் சேர்ந்து நனைந்திருக்கும், இறங்கும்போது காய்ந்த மேலுறை எதுவும் மிஞ்சாது.

100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.65 டிகிரி குறையும். 1,468 மீட்டருக்கு ஒன்பதரை டிகிரி. கீழே மழையில் 24 டிகிரி என்றால் மேலே 14, 15. ஆகவே உடையையும் உயரத்தோடு பிரித்துக்கொள்ளுங்கள்:

கீழ்ப்பாதியில், 20 டிகிரிக்கு மேல் இருக்கும் வரை, மெல்லிய பாலியெஸ்டர் ஜெர்சி மட்டும். நனையட்டும். வெதுவெதுப்பான மழை, உழைக்கும் உடம்பு, ஒன்றும் ஆகாது. பருத்தி பனியன் கூடாது. நீரைப் பிடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டி நிற்கும், காய்வதே இல்லை.

மேல்பாதியில் காற்று அடிக்க ஆரம்பித்ததும் ஜெர்சிக்கு மேல் கையில்லாத காற்றுத்தடுப்பு ஒன்று. நெஞ்சை மூடும், அக்குளைத் திறந்து வைக்கும்.

ரெயின் ஜாக்கெட் பைக்குள். ஏற்றத்தில் அதை எடுக்கும் சந்தர்ப்பங்கள் மூன்று: பஞ்சருக்காக நின்றால், டீக்கடையில் நின்றால், வேகம் விழுந்து உடம்பு தானே குளிர ஆரம்பித்தால். நிற்பதற்கு முன்பே போடுங்கள். நின்று இரண்டு நிமிடம் கழித்துப் போட்டால் சூடு போய்விட்டிருக்கும்.

முழுதும் காய்ந்த ஒரு செட்: கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, சாக்ஸ், கையுறை, தலைக்குள் போடும் மெல்லிய குல்லா. இது நீர்புகாப் பையில், பைக்குள் அடியில். கோத்தகிரி சேரும் வரை அதைத் தொடக் கூடாது. வழியில் எவ்வளவு குளிர்ந்தாலும் இதை எடுத்துப் போட்டு நனைத்துவிட்டால் பிறகு உங்களிடம் காய்ந்த துணி என்று ஒன்றுமே இருக்காது. விதிவிலக்கு ஒன்றே: பயணத்தை அங்கேயே முடித்து, கூரைக்குக் கீழ் வந்துவிட்டீர்கள் என்றால்.

#7 தார்ச்சாலை

400 வாட் கணக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சமதளத்தில் 25 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்று சூட்டை எடுத்துவிடும், அங்கே ஜாக்கெட் உதவும். ஏற்றத்தில் நிலைமை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒல்லியான ஆட்களுக்கு 20 டிகிரி என்ற கோடு சற்று முன்னாலேயே வரும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காற்றழுத்தத்தில் என் கருத்தை மாற்றவில்லை.

#8 மூடுபனி

சரிதான். ஒல்லியாக இருப்பவர்களும் காலையில் சரியாகச் சாப்பிடாதவர்களும் இரண்டு, மூன்று டிகிரி முன்பே காற்றுத்தடுப்பைப் போடட்டும்.

உடல் குளிர்வதன் அடையாளங்களையும் எழுதிவிடுகிறேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கவனிக்க வேண்டும். குளிர்ந்தவருக்குத் தன் நிலை தெரியாது.

தொடக்கம்: நடுக்கம், விரல் மரத்துப்போவது. சோதனை சுலபம். கட்டை விரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். தொட முடியவில்லையா, அந்தக் கையால் பிரேக்கும் பிடிக்க முடியாது. அடுத்து: வார்த்தை குழறும், சின்ன விஷயத்துக்கு எரிச்சல் வரும், கியர் மாற்றாமல் கனமான கியரிலேயே மிதித்துக்கொண்டிருப்பார். அதற்கும் அடுத்தது: குளிரில் இருக்கும்போதே நடுக்கம் நின்றுவிடும். இதைத் தேறிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது மோசமான அறிகுறி, 108ஐக் கூப்பிட வேண்டிய நேரம்.

முதல் நிலையிலேயே செய்ய வேண்டியது: காற்றும் மழையும் படாத இடம், ஈரத் துணியைக் கழற்றி காய்ந்தது, தலையை மூடுவது, உணர்வு தெளிவாக இருந்தால் சர்க்கரை தூக்கலாகச் சூடான டீ. கை கால்களைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. சூடு ஏற்ற வேண்டியது நெஞ்சுக்கும் அக்குளுக்கும்தான். ஒரு வாய் பிராந்தி என்று யாராவது நீட்டினால் வேண்டவே வேண்டாம். தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும்.

#9 சாரல்_ஈரோடு

மிக்க நன்றி எல்லோருக்கும். ஜாக்கெட் விஷயத்தில் நேர்மாறாகத்தான் நினைத்திருந்தேன். இன்னும் இரண்டு: மழையில் என்ன சாப்பிடுவது, எப்படி எடுத்துப் போவது? மறுநாள் மண்பாதையில் சேறு ஒட்டினால் என்ன செய்வது?

#10 பல்சக்கரம்

மொத்தச் செலவு சுமார் 1,600 கிலோ கலோரி. அத்தனையையும் வழியிலேயே ஈடுகட்ட முடியாது, தேவையும் இல்லை. மணிக்கு 50, 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் போதும். நாலு பேரீச்சம்பழம் 25 கிராம் வரை தரும். அரை லிட்டர் பாட்டிலில் 30 கிராம் நாட்டுச்சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு கரைத்துக்கொண்டால் மிச்சமும் வந்துவிடும். கடலை மிட்டாய் நல்லதுதான், ஆனால் அதன் கலோரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. உடனடிச் சக்திக்கு அதை நம்பாமல் நின்று டீ குடிக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

மழையில் பெரும்பாலானோர் சறுக்குவது உணவைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை, வாயில் போடுவதில்தான். விரைத்த விரலால் உறையைக் கிழிக்க முடியாது, வழுக்குகிற ஹேண்டிலிலிருந்து கையை எடுக்கப் பயம், தாகமும் தெரியாது. ஒரு மணி நேரம் அப்படியே போய்விடும். ஆகவே பேரீச்சையைக் கொட்டை நீக்கி, சின்ன மூடி டப்பாவில் போட்டு, மேல்குழாயில் கட்டும் பையில் வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் ஒலிக்கட்டும். ஒலித்தால் ஒரு பழம், நாலு மிடறு தண்ணீர், பசித்தாலும் பசிக்காவிட்டாலும். ஓஆர்எஸ் எடுத்துப் போனால் பொட்டலத்தில் சொன்ன அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் போட்டால் வயிற்றைப் பிரட்டும்.

காலையில் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இட்லி. நெய்ப் பொங்கலும் பூரியும் அன்று வேண்டாம்.

#11 ஸ்போக்_கோவை

சேத்துக்கு வரேன். அதுக்கு முன்னாடி தார்ச்சாலை அண்ணனோட காத்து விஷயம். 33 கி.மீ. தார்ல ஏறறதுக்கு 38, 40 வெக்கறது தப்பில்லீங்க. ஆனா அதே காத்தோட மண்ணுல இறங்கினா சக்கரம் சோப்புல ஏறின மாதிரிப் போகும். டியூப் போட்ட 2.1 டயர், இந்த எடைக்கு முன்னாடி 26, பின்னாடி 30 பிஎஸ்ஐ. இதுக்கும் கீழ இறக்கினா கல்லுல மோதி டியூப்புல பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். சைடுவால்ல 40ல இருந்து 65 வரைக்கும்னு அச்சடிச்சிருந்தா அந்தக் குறைஞ்ச அளவுக்குக் கீழ போகாதீங்க. அளவுமானி இருக்கற சின்ன பம்ப் எடுத்துக்கங்க, கோத்தகிரியில காத்தை இறக்கலாம், இறங்கும்போது மறுபடி ஏத்தலாம்.

செம்மண் சேறு ரெண்டு விதம். தண்ணி அதிகமா இருந்தா ஓடிரும், பிரச்சனையில்லை. மழை விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, பிசைஞ்ச மாவு பதத்துல இருக்கறதுதான் ஆளைக் கொல்லும். டயருக்கும் ஃபோர்க் வளைவுக்கும் நடுவுல, பின்னாடி செயின்ஸ்டே (பின்சக்கரத்தை ஒட்டி வர்ற ஃப்ரேம் குழாய்) இடுக்குல அடைச்சு சக்கரத்தையே நிறுத்திரும். அப்படி அடைச்சா மிதிச்சுத் தள்ளாதீங்க, பின் டீரெயிலர் ஹேங்கர் (டீரெயிலரை ஃப்ரேமோட பிடிக்கற துண்டு) வளைஞ்சோ முறிஞ்சோ போகும். இறங்கி, ஒரு குச்சியில இடுக்கைச் சுத்தம் பண்ணி, தோள்ல தூக்கிட்டு நடங்க. உங்க ஃப்ரேமுக்கான ஹேங்கர் ஒண்ணு, செயின் இணைப்பு ரெண்டு (8 ஸ்பீடுக்குனு கேட்டு வாங்குங்க) கண்டிப்பா பையில இருக்கோணும்.

அடுத்தது செயின் சிக்கறது. 24 பல்லுல சேறு ஏறி, செயின் கீழ்ப்பக்கம் பல்லை விட்டுப் பிரியாம அதோடயே மேல வந்து, பல்சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல மாட்டிக்கும். சத்தம் கேட்ட உடனே அரைச்சுத்து பின்னாடி மிதிங்க. முன்னாடி அழுத்தினா ஃப்ரேமைச் சுரண்டிரும். பாட்டில் தண்ணியை பல்சக்கரத்து மேல ஊத்திக் கழுவிட்டு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாகும். சேத்துல முடிஞ்ச வரைக்கும் 34 பல்லும் பின்னாடி பெரிய பல்லும் வெச்சு ஓட்டறது நல்லது.

#12 பல்சக்கரம்

ஸ்போக் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈர மண்ணில் மிக லேசான கியர் வழுக்கலை வரவழைக்கும். காலின் அழுத்தம் சுற்று முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. மிதி கிடையாக வரும்போது உச்சம், மேலும் கீழும் வரும்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கியர் லேசாக ஆக ஆக அந்த உச்சம் பெரிதாகிச் சக்கரத்தில் இறங்கும். டயரின் பிடிமானத்தை ஒரு கணம் தாண்டினாலும் சக்கரம் சுழன்றுவிடும், ஆள் கால் ஊன்ற வேண்டியதுதான். ஒன்று அல்லது இரண்டு கியர் கனமாக வைத்து, 60 சுற்றில், காலை வட்டமாக ஓட்டுங்கள்.

எழுந்து நிற்கக் கூடாது. சீட்டின் மூக்குப் பகுதிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி மார்பைத் தாழ்த்துங்கள். முன்சக்கரம் தூக்காமலும் பின்சக்கரம் வழுக்காமலும் இருக்கிற இடம் சீட்டில் ஐந்து செ.மீ. அகலம்தான், உட்கார்ந்து தேட வேண்டும். முன்சக்கரத்துக்கு ஏழெட்டு மீட்டர் முன்னால் பாருங்கள். வேரும் கற்பாறையும் குறுக்கே வந்தால் அதன் மேல் மிதிக்காமல் உருண்டு தாண்டுங்கள்.

#13 அரவேணு_மேடு

மண்பாதை என்றதும் அனுமதி பற்றிச் சொல்லியாக வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பாதைகள் தனியார் இடம். எஸ்டேட் அலுவலகத்தில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சோலைக்குள் போகும் பாதைகள் பல காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். வரைபடச் செயலியில் கோடு தெரிகிறது என்பது அனுமதி ஆகாது.

தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் பகலிலேயே உண்டு. சைக்கிளுக்குச் சத்தமில்லை, பனியில் கண்ணும் தெரியாது. திடீரென்று கரடியின் மேல் போய் நிற்பதுதான் ஆபத்து. வளைவுக்கு முன் மணி அடியுங்கள், பேசிக்கொண்டே போங்கள். காட்டெருமை நின்று பார்த்தால் 50 மீட்டராவது தள்ளி நின்று அதற்கு வழி விடுங்கள். அட்டை ஏறினால் நகத்தால் வாய்ப்பக்கம் நெருடி எடுத்துவிடலாம், நெருப்பு வைக்க வேண்டாம்.

நாலாவது கேள்வி, எங்கே திரும்புவது. இதை வீட்டிலேயே எழுதி வைத்துவிட்டு வர வேண்டும். மலையில் நனைந்துகொண்டு முடிவெடுக்கும் மூளை நம்பத்தக்கதல்ல.

முதல் நாள் மாலை வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 6.5 முதல் 11.5 செ.மீ., மிக கனமழை என்றால் 20 வரை, அதற்கு மேல் அதி கனமழை. நீலகிரிக்கு ஆரஞ்சு, சிவப்பு அறிவிப்பு இருந்தால் கிளம்பவே வேண்டாம். மஞ்சள் என்றால், முந்தைய இரண்டு மூன்று நாள் மழையையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்கெனவே ஊறிய மண்ணுக்குச் சின்ன மழை போதும்.

ஏறும்போது கவனிக்க வேண்டியவை: மேல்சரிவிலிருந்து சின்னக் கற்கள் உதிர்வது, தெளிவாக வழிந்த ஓடை திடீரென்று காப்பி நிறம் ஆவது, நன்றாக ஓடிய நீர் சட்டென்று நிற்பது, மரங்கள் புதிதாகச் சாய்ந்திருப்பது. இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த வளைவை விட்டு வந்த வழியே திரும்புங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077க்குச் சொல்லிவிடுங்கள். மழைக்கு ஒதுங்குகிறோம் என்று வெட்டி எடுத்த மண்சுவரின் அடியில் மட்டும் நிற்காதீர்கள். சாலையைத் தாண்டி ஓடும் நீரில் தரை தெரியவில்லை என்றால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூடக் கடக்க வேண்டாம்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். 30க்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ.க்குள். கட்டடம் அல்லது மூடிய வண்டிக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே வெளியே. தனி மரமும் தகரப் பந்தலும் ஒதுங்குமிடம் இல்லை.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியை முடிவெடுக்கும் இடமாக வையுங்கள். அங்கே வரும்போது இருவரில் ஒருவருக்கு நடுக்கம் இருந்தாலோ, கணக்கிட்ட நேரத்தைவிட 45 நிமிடம் பிந்தியிருந்தாலோ, அத்துடன் நிறுத்துங்கள். கீழே இன்னும் சூடு இருக்கும். அதற்கு மேலே போய்த் திரும்பினால் குளிரில் இறங்க வேண்டிய தூரம்தான் கூடும்.

#14 மூடுபனி

இறக்கத்தைப் பற்றி யாரும் இன்னும் முழுதாக எழுதவில்லை. மழை ஏற்றத்தில் அடிபடுகிறவர்களைவிட இறக்கத்தில் அடிபடுகிறவர்கள்தான் அதிகம் இருக்க முடியும், காரணம் எளிது. உடம்பு 400 வாட் சூடு தந்துகொண்டிருந்தது, மிதிப்பதை நிறுத்தியதும் அது நாலில் ஒரு பங்காகிவிடும். அதே நேரம் காற்று 8 கி.மீ.யிலிருந்து 30 ஆகும். ஆகவே காய்ந்த செட், அதன் மேல் ஜாக்கெட், எல்லாம் இப்போதுதான். கைக்கு: காய்ந்த மெல்லிய கையுறை, அதற்கு மேல் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை ஒரு அளவு பெரிதாக. இதைவிட மலிவாக நீர் புகாத கையுறை கிடையாது. 5 கி.மீ.க்கு ஒருமுறை நின்று, கையை அக்குளில் வைத்துச் சூடாக்கி, அந்தச் சுண்டுவிரல் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

#15 ஸ்போக்_கோவை

பிரேக்குக்கும் அதே 5 கி.மீ. நிறுத்தம்தானுங்க. மெக்கானிக்கல் டிஸ்க்குல பேட் தேயத் தேய லிவர் ஹேண்டில்பாரைத் தொட வரும். ஹைட்ராலிக் மாதிரி தானா சரி பண்ணிக்காது. நிக்கும்போதெல்லாம் கேபிள் முனையில இருக்கற திருகை அரைச்சுத்து வெளிய திருப்புங்க. இந்த மாடல்ல பெரும்பாலும் வெளிப்பக்க பேட் மட்டும்தான் நகரும், உள்பக்க பேட் அசையாது. அதுக்குத் தனித் திருகு இருக்கும், 5 மி.மீ. ஆலன் சாவியில தட்டை ஒட்டி வர்ற வரைக்கும் திருப்பி, உரசற சத்தம் நிக்கற அளவுக்குப் பின்னாடி விடோணும். இதை மறந்தா தட்டு ஒரு பக்கமா வளைஞ்சு பிடிக்கும், பாதி சக்தி வீண்.

ஈரத் தட்டு முதல்ல ஒண்ணு ரெண்டு சுத்துக்குப் பிடிக்காது. வளைவுக்கு முன்னாடியே லேசாத் தொட்டு நீரை வழிச்சுட்டு, அப்புறம் நேர் பாதையிலயே வேகத்தை இறக்கி, வளைவுக்குள்ள பிரேக்கை விட்டுருங்க. வெள்ளைக் கோடு, சில்வர் ஓக் இலை, பாலத்து இரும்பு இணைப்பு, லாரி நிக்கற இடத்துல டீசல் வானவில் இதுல எதுமேலயும் சாயாம நேரா உருளுங்க.

#16 சாரல்_ஈரோடு

இவ்வளவையும் படித்த பிறகு, மழை விடாவிட்டால் சைக்கிளில் இறங்காமல் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்துவிடலாமா என்று யோசிக்கிறோம். வந்ததும் சைக்கிளை எப்படிக் காய வைப்பது?

#17 ஸ்போக்_கோவை

தாராளமா இறக்கிட்டு வாங்க. சைக்கிளைப் படுக்க வெக்காம நிறுத்திக் கட்டுங்க, டீரெயிலர் பக்கம் எதுவும் இடிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே, சேறு காயறதுக்கு முன்னாடி, பக்கெட் தண்ணியில கழுவிருங்க. வாட்டர் சர்வீஸ் பீச்சுக்குழாய் ஹப் (சக்கர மையம்), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு), ஹெட்செட் (ஹேண்டில் திரும்பற இடம்) பேரிங்குக்குள்ள தண்ணியை அடிச்சு ஏத்திரும், அது வேண்டாம். சீட் போஸ்டைக் கழட்டி, வண்டியைத் தலைகீழா நிறுத்துங்க. சீட் குழாய்க்குள்ள அரை டம்ளர் தண்ணி நிக்கறது சாதாரணம். ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில போஸ்டுக்கு கிரீஸ் தடவிப் போடுங்க. செயினை அன்னைக்கே துடைச்சு எண்ணெய் விடலைன்னா காலையில செம்பு நிறத்துல துரு நிக்கும். பேட்டைக் கழட்டி அளந்துருங்க. ஷூவுக்குள்ள செய்தித்தாளை அடைச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்துங்க. வெயில்ல வெச்சா பசை விட்டுரும், நிழல்ல ஃபேனுக்குக் கீழ வெச்சாப் போதும்.